எனக்கு மட்டும் அடிக்கும் நாற்றம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை ஆபீஸ் போகும் வழியில் வண்டிக்குள் எலி செத்த நாற்றம். பத்து நிமிஷம் இருந்தது, பிறகு போய்விட்டது. இறங்கியதும் சீட்டுக்கு அடியில், டிக்கியில், கால்மிதிக்குக் கீழே எல்லாம் தேடினேன். காய்ந்துபோன ஆரஞ்சுத் தோல் ஒன்று, பேனா மூடி இரண்டு. எலி இல்லை.

இல்லாத எலியைத் தேடுவது எனக்குப் புதிதில்லை. அண்ணனுக்காகத் தேடியிருக்கிறேன். வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். ஒரு ஞாயிறு முழுக்க பீரோவை நகர்த்தி, பரணைக் காலி செய்து பார்த்தோம். எங்கள் யாருக்கும் எந்த நாற்றமும் வரவில்லை. அவனுக்கு மட்டும் வந்து வந்து போனது. கடைசியில் எலி அவன் மண்டைக்குள் இருந்தது. கட்டி என்றார்கள். அடுத்த வருஷம் அந்த வீட்டில் அண்ணி மட்டும்தான்.

இதை எழுதியிருக்க வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

நேற்றும் வந்தது, இன்றும் வந்தது. சாயங்காலம் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று போனேன். நாற்றம் வந்ததும், சாதாரணமாகக் கேட்பதுபோல, "ஏதாவது நாறுதாங்க?" என்றேன். நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "இல்லையே" என்றார்.

மருத்துவக் காப்பீட்டு ஆபீஸில் எனக்கு வேலை. "நாளெல்லாம் அடுத்தவங்க நோயைப் படிச்சா இப்படித்தான்" என்று கிண்டல் வேறு. நானும் சிரித்துவைத்தேன். ஸ்டியரிங் கையில் வழுக்கியது.

மார்ச் 9, ஞாயிறு

எங்கேயும் போகவில்லை. வண்டிச் சாவியைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

மார்ச் 12, புதன்

அண்ணிக்குப் போன் செய்தேன். வெயில், முட்டுவலி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் பேசி முடித்து, வாய் தவறி வந்ததுபோலக் கேட்டேன்: அண்ணனுக்கு எப்படித்தான் ஆரம்பிச்சது?

அண்ணி டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "நாத்தம் வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு எந்த வாசனையும் தெரியாமப் போச்சும்மா. நான் சோப்பு மாத்தினதுகூடத் தெரியல. ஜலதோஷம்னு விட்டுட்டோம். ஏன் கேக்கறே?" என்றார்.

சும்மாதான் அண்ணி, என்றேன். சும்மா கேட்கிற கேள்வியா அது?

மார்ச் 13, வியாழன்

சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். காப்பித்தூள், வெங்காயம், சோப்பு, அந்துருண்டை. எல்லாம் தெரிகிறது. அப்பாடா! இவர் எட்டிப் பார்த்து, "என்ன, தனியா கண்ணாமூச்சியா?" என்றார்.

சரி. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கிற மூக்குக்கு இல்லாத எலி ஏன் நாறுகிறது?

மார்ச் 15, சனி

படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தீய்ந்த நாற்றம். வண்டியில் இல்லை, வீட்டில்.

ஆரம்பிச்சிடுச்சு. இனிமே எங்க போனாலும் ஏதாவது ஒண்ணு வரும். எழுந்து போய்ப் பார்க்கத் தைரியம் வரல. போய்ப் பார்த்து, அங்க ஒண்ணுமே தீயலைன்னா? மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்தேன். அறைக்குள் புகை வந்த பிறகுதான் ஓடினேன். பால் பொங்கி வற்றி, பாத்திரம் கரிக்கட்டை. அடுப்புக்கு நாலடி தள்ளி, சாப்பாட்டு மேஜையில், இவர் ஏதோ கட்டிட வரைபடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். "கவனிக்கலைம்மா" என்றார்.

நிஜமாகவே தீய்ந்திருந்தது! பாத்திரம் கருகியதற்குச் சந்தோஷப்பட்ட முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். திட்டு விழாததில் அவருக்கே ஆச்சரியம்.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அவள் ஸ்கூட்டர் நின்றுவிட்டது, வீடு வரை விடச் சொன்னாள்.

இத்தனை நாளாக யாரையும் ஏற்றாமல் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவந்தேன். இன்னொருவர் ஏறினால் தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை, இதுதான் என் வைத்தியம். இன்று வசமாக மாட்டிக்கொண்டேன்.

பாதி வழியில் வந்தது. இதுவரை வந்ததிலேயே மோசம். ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். "ஜன்னலைத் திறந்துக்கறேன்க்கா, காத்து நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான். இறங்கும்வரை ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு வந்திருந்தால் சும்மா இருந்திருப்பாளா? ஊருக்கே ஒலிபரப்பியிருப்பாள்.

இவருக்கு வரல. அவளுக்கு வரல. எனக்கு மட்டும்தான் வருது. அண்ணா, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? நாங்க எல்லாரும் இல்லை இல்லைன்னு சொன்னப்ப உனக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும்.

மார்ச் 19, புதன்

ஸ்கேன் எடுக்க வேண்டும். இவருக்குத் தெரியாமல். திங்கட்கிழமை போன் செய்கிறேன். நாளைக்கு என்று எழுதக் கை வரவில்லை.

மார்ச் 22, சனி

எங்கே தொடங்குவது!

ஏசிக் காற்று சரியாக வருவதில்லை என்று வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். நாற்றத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். "அக்கா! உள்ள என்ன செத்துக் கெடக்கு?"

என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, என்றேன். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கத்தினார்: "நாறுதுக்கா!"

இதைவிட இனிப்பான வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து விசிறி மடிப்பாக ஒரு காகிதப் பலகையை உருவினார். கேபின் ஃபில்டராம். வண்டிக்குள் வரும் காற்று அதன் வழியாகத்தான் வருமாம். அதன்மேல் சீட்டுப் பஞ்சும் காகிதத் துணுக்குமாக ஒரு கூடு, நடுவில் எலி. நிஜ எலி. வாலோடு. பானெட்டைத் திறந்து இஞ்சின் ஃபில்டரையும் எடுத்துக் காட்டினார், எலி கொறித்து ஒரு மூலையைக் காணோம். "ஒரே எலி, ரெண்டு வீடு. எப்பக்கா கடைசியா மாத்துனீங்க?" "மாத்தணுமா?" என்றேன். இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டு அங்கேயே வானொலிக்குப் போன் போட்டேன்.

"ஐயோ அக்கா, கூட்டிட்டுப் போறவங்ககிட்ட உங்க வண்டி நாறுதுன்னு எப்படிக்கா சொல்றது? வாயைத் தொறந்தா வாந்தி வந்துரும்னு இருந்துச்சு."

பாவி! உன் மரியாதையில தீயை வைக்க! எண்ணெய்க் கறை படிந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். போனதும் இவரை ஒரு பிடி பிடிக்க வேண்டும். நிஜ எலிங்க, தெருவுக்கே நாறுது, எல்லாருக்கும் வருது, உங்களுக்கு மட்டும் எப்படி

சிக்னலில் பாட்டு நின்றுவிட்டது.

உங்களுக்கு மட்டும். நாலடியில் பால் தீஞ்சதே, அப்பவும். சோப்பு மாத்தினதுகூடத் தெரியலைன்னு அண்ணி சொன்னாங்களே.

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்குக் கியர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இவரை மேஜை முன் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். "இப்ப என் முறையா?" என்று சிரித்தார். காப்பித்தூளை மூக்கருகில் பிடித்தேன்.

"சோப்பு?"

வெங்காயம்.

"காப்பி."

அந்துருண்டை. இரண்டு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். கண்ணைத் திறக்கவில்லை.

"எப்ப இருந்துங்க?"

"மார்கழிக் குளிர்ல இருந்தே. ஜலதோஷம்னு நெனச்சேன். அப்புறம் நீ வண்டில நாறுதான்னு கேட்ட. உங்கண்ணனை நெனச்சுத்தான் கேக்கறேன்னு புரிஞ்சுது. எனக்கு எந்த வாசனையுமே வரலைன்னு அப்பப் போய்ச் சொன்னா நீ தாங்குவியா?"

கத்தினேன். என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். நானும் மறைத்தேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. வெங்காயம் கையிலேயே இருந்தது, கண்ணில் நீர் வந்ததற்கு அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

போன் செய்தேன். இவர் பெயரில். புதன் காலை. எனக்காக வராத தைரியம் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

மார்ச் 26, புதன்

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவரை உள்ளே கூட்டிப்போயிருக்கிறார்கள்.

வண்டி நன்றாக இழுக்கிறது. காற்றும் நன்றாக வருகிறது. வழியில் இவர் கேட்டார்: "இப்ப வண்டில என்ன வாசனை?"

"ஒண்ணுமில்ல. புது ஃபில்டர் அட்டை வாசனை கொஞ்சம்."

"வெளிய?"

ஜன்னலை இறக்கிவிட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பெட்ரோல் பங்க். ரொட்டி வேகிறது. மழை பெய்த மண். யாரோ டயர் கொளுத்துகிறார்கள், சுத்த அசிங்கம். அதற்குச் சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு, நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மூச்சை உள்ளே இழுத்தார்.

வாசலில் நிறுத்திய பிறகும் உடனே இறங்கவில்லை. "திரும்பும்போது வேற வழியாப் போலாம். புதுசா ஏதாவது சொல்லு."

சரி என்றேன். ஆற்றுப் பாலம் வழியாகப் போனால் என்னென்ன வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மரக்கடை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் பூச்செடி விற்கிறவர்.

கதவு இன்னும் திறக்கவில்லை.