சீர்க்கோழி

பனமரத்துப்பட்டி,
8.12.2024

அன்புத் தங்கச்சி சாரதாமணிக்கு,

அண்ணன் வெள்ளியங்கிரி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன் மகன், என் மாப்பிள்ளை ஈஸ்வரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ போன் அடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இனி அடிக்காதே அம்மிணி. முப்பது வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றதற்குக் கிடைத்த போனஸ், போனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் விழுவதில்லை. நேரில் பேசினால் வலது காது ஓரளவு கேட்கும். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. வாட்ஸாப்பில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது, என் விரல் அப்படி. கடிதம்தான் எனக்குச் சரி.

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் அண்ணி பாவாயி போனபிறகு பின்பக்கம் சும்மா கிடந்த இடத்தில் கோழி வளர்க்கிறேன். பத்துப் பெட்டை, ஒரு சேவல். கூண்டுக் கம்பி, தீவனம், மருந்து என்று கூட்டிப் பார்த்தால் ஒரு முட்டை எனக்குப் பதினைந்து ரூபாய்க்கு அடங்குகிறது. கடையில் ஏழு ரூபாய்க்குத் தருகிறான். சிரிக்காதே. காலையில் எழுந்தால் நமக்காக நாலு ஜீவன் காத்திருக்கிறது என்பதற்கு ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

ஆனால் பனி விழ ஆரம்பித்ததும் முட்டை சுத்தமாக நின்றுவிட்டது. ஏரிக் காற்று வேறு. இரண்டு கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறது. கோழிப்பண்ணைக்காரனைப் பெற்றவள் நீ. என்ன செய்யட்டும், எழுது.

உன் அண்ணன்,
வெள்ளியங்கிரி

—

எருமப்பட்டி,
14.12.2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தங்கச்சி சாரதாமணியின் வணக்கம். பதினைந்து ரூபாய் முட்டையைப் படித்துவிட்டு ஈஸ்வரிடம் சொன்னேன். "மாமாவத் தங்க முட்டை போடற கோழியாப் பாத்து வாங்கச் சொல்லும்மா" என்றான்.

பனிக்கு முட்டை நிற்பது வழக்கம்தான். பகல் குறுகினால் கோழிக்கு முட்டை நினைப்பே வராது. விடியக்காலம் ஒரு பல்பு போட்டு விடுங்கள். காற்று அடிக்கிற பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள், ஆனால் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். முழுக்க மூடினால் எச்ச நாற்றத்திலேயே கண் போய்விடும். தரையில் நிலக்கடலைத் தோல் பரப்புங்கள், ஈரமானால் உடனே மாற்றுங்கள். அந்தியில் ஒரு கை கம்பு போட்டால் ராத்திரிக்கு உடம்பு சூடாக இருக்கும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இப்போதே தயாராக இருங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். கோழி அடைந்த பிறகு கூண்டுப் பக்கம் போய் நின்று கேளுங்கள். தொண்டையில் கரகரவென்று குறட்டை மாதிரி சத்தம் வந்தால் அது பனி இல்லை, வெள்ளைக்கழிச்சல், கூட்டத்தையே வாரிக்கொண்டு போகிற தொத்துநோய். உடனே டாக்டரிடம் ஓடுங்கள். சத்தம் இல்லையென்றால் வெறும் குளிர்தான், மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுத்தால் தெளிந்துவிடும்.

இங்கே ஈஸ்வர் பேங்கில் கடன் வாங்கிப் புது ஷெட் போட்டு, முட்டைக்கு வராத இளங்கோழியாக இறக்கியிருக்கிறான். சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து சடையனும் அவன் சம்சாரம் ஆராயியும் வந்து பண்ணையிலேயே தங்கி வேலை செய்கிறார்கள். ஆராயி இருப்பதால் எனக்கும் பேச்சுத்துணை. இந்த ஷெட் கைகொடுத்தால்தான் அவனுக்குத் தூக்கம். பொங்கலுக்கு வருவீர்கள்தானே?

தங்கச்சி,
சாரதாமணி

—

பனமரத்துப்பட்டி,
30.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சொன்னதெல்லாம் செய்தாயிற்று. கூண்டைப் பார்த்தால் எனக்கே உள்ளே போய்ப் படுக்கலாம் போலிருக்கிறது. ராத்திரி போய் நின்று கேட்டேன். சத்தம் ஒன்றும் இல்லை. பனிதான். சிலிர்த்துக்கொண்டு நின்றதில் ஒன்று செத்துவிட்டது, கிழட்டுக் கோழி. மற்றவை தீனி எடுக்கின்றன.

பொங்கலுக்கு வாரேன். பாவாயி இருந்தவரை உனக்குச் சீர்ச் சேலை அவள்தான் எடுத்தாள். எனக்குச் சேலை எடுக்கத் தெரியாது. போன வருஷம் நான் எடுத்ததைப் பார்த்து நீ முகத்தைச் சுளித்ததும் எனக்குத் தெரியும். அதனால் இந்த வருஷம் என் கூட்டத்திலேயே நல்லதாக மூன்று பெட்டை கொண்டு வாரேன். ஏரிக் காற்றுக்கு உன் ஊர் கதகதப்பு தேவலை, அதுகளும் பிழைக்கும்.

அண்ணன்,
வெள்ளியங்கிரி

—

எருமப்பட்டி,
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கரும்பும் மஞ்சள்கொத்தும் கோழிக்கூடையுமாக நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் ஒன்று கேட்டால் நீங்கள் இன்னொன்றுக்குத் தலையாட்டினீர்களே, உங்கள் வலது காது அவ்வளவு நன்றாகவா கேட்கிறது?

ஒரு சங்கதி. உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. பண்ணைக்குள் நாட்டுக்கோழி நுழையக்கூடாது என்பது ஈஸ்வரின் கண்டிப்பு. வெளிக்கோழி நோயைக் கொண்டுவந்துவிடுமாம். வேலைக்காரர்களும் வளர்க்கக்கூடாது. வந்த புதிதில் ஆராயி ஒரு கோழி வைத்திருந்ததற்கே அவளைக் கத்தித் தீர்த்துவிட்டான். ஆனால் தாய்வீட்டுச் சீரை வாசலோடு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வருமா? நீங்கள் வந்தபோது அவன் முட்டை லோடு விஷயமாக நாமக்கல் போயிருந்ததால் தப்பித்தேன். மூன்றையும் வீட்டுக்குப் பின்னால் பழைய மாட்டுக்கொட்டாயில் விட்டிருக்கிறேன்.

உங்களைப் போல எனக்குச் செலவும் இல்லை. காலையில் இளங்கோழி ஷெட்டுக்குப் போய் மூட்டையிலிருந்து ஒரு பேசின் தீவனம் அள்ளி வந்து போட்டுவிட்டு, பேசினைத் திரும்ப ஷெட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன். ஓசித் தீனி தின்று மகாராணி மாதிரி இருக்கிறார்கள். அவனிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

தங்கச்சி,
சாரதாமணி

—

பனமரத்துப்பட்டி,
24.1.2025

சாரதா,

என் கோழி எல்லாம் போய்விட்டது. சேவலும் போய்விட்டது. நாலே நாளில் கூண்டு காலி. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு வெள்ளைக்கழிச்சல் என்றார். உன் கடிதம் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு உனக்குப் போன் அடிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாயாம். என்ன சரி? கோழியை என்ன செய்தாய்?

உன்னிடம் எப்படிச் சொல்வேன். நீ சத்தம் கேட்கச் சொன்னாயே, நான் போய் நின்றது உண்மை. எனக்கு எதுவும் கேட்கவில்லை. வலது காதும் போய் வருஷமாகிவிட்டது அம்மிணி. கோழி முட்டையிட்டுக் கொக்கரிப்பதே எனக்குக் கேட்காது, கூடையில் கையை விட்டுத்தான் தெரிந்துகொள்வேன். தெரிந்தால் நீ அழுவாய், என்னை அங்கேயே வந்து இரு என்பாய் என்று மறைத்தேன். எனக்குக் கேட்காததை, சத்தமே இல்லை என்று எழுதிவிட்டேன்.

அந்தப் பேசினை ஷெட்டுக்குள் கொண்டு போகாதே. அதைத் தொடாதே. பதில் போடு.

வெள்ளியங்கிரி

—

எருமப்பட்டி,
2.2.2025

அண்ணா,

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. போன் வந்தபோது ஈஸ்வர் என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "சரிங்க" என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு விடிகாலையில்தான் உங்கள் மூன்று கோழியும் கழுத்தைத் திருகிக்கொண்டு செத்துக் கிடந்தன. ஒருவருக்கும் தெரியாமல் ஓடைப் பக்கம் வீசிவிட்டு வந்திருந்தேன்.

அதற்கப்புறம் இளங்கோழி ஷெட்டில் ஆரம்பித்தது. அடுத்த தடுப்பு மருந்து போடுவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. முதலில் கூண்டுக்கு ஒன்று, பிறகு கொத்துக் கொத்தாக. அண்ணா, நான் இத்தனை வருஷமாகக் கோழி பார்த்தவள், இப்படி ஒரு சாவைப் பார்த்ததில்லை. ஷெட் முழுக்க அந்தக் கரகரப்புச் சத்தம். பாதிக்கு மேல் போய்விட்டது. ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். என் மகன் குழிமேட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் வந்து முதலில் கேட்டதே, "பக்கத்துல நாட்டுக்கோழி ஏதாவது இருக்குதா?" என்றுதான். ஈஸ்வர் பண்ணையைச் சுற்றித் தேடினான். சடையன் குடியிருக்கிற வீட்டு வாசலில் உங்கள் கோழியின் சிவப்பு இறகு கிடந்தது. நாய் ஓடையிலிருந்து இழுத்து வந்திருக்கும். ஈஸ்வர் விசாரிக்கவே இல்லை. அவர்கள் பண்டபாத்திரத்தை எடுத்து வெளியே எறிந்தான். "சாமி சத்தியமா நாங்க வளக்கலீங்க" என்று சடையன் காலில் விழுந்தான். ஆராயி ஒன்றும் பேசவில்லை. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் நாக்கு மேலே எழவில்லை அண்ணா.

சத்தம் இல்லை என்று எழுதினீர்களே! அந்த ஒரு வரியை நம்பித்தானே பனி என்று நினைத்தேன். நேற்று உங்களை வாய்விட்டே திட்டினேன். அப்புறம் நானேதான் பேசினைக் கொண்டு போனேன் என்று நினைத்து அழுதேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இது நம் இரண்டு பேரோடு போகட்டும். தெரிந்தால் இந்த வீட்டு வாசலில் உங்களை அவன் ஏற்றமாட்டான், எனக்கும் தாய்வீடு என்று ஒன்று இல்லாமல் போகும். சடையன் குடும்பத்துக்கு வேறு பண்ணையில் வேலை கிடைத்துவிடும். நீங்கள் வராதீர்கள்.

சாரதா

—

பனமரத்துப்பட்டி,
7.2.2025

தங்கச்சி சாரதாவுக்கு,

நீ வராதே என்று எழுதியும் நான் வந்தேன். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை. சடையன் காலில் விழுந்தான் என்று எழுதினாயே, அதற்கப்புறம் நான் எப்படி இங்கே உட்கார்ந்திருப்பேன்?

மாப்பிள்ளையிடம் நான் சொன்னதை நீயே பார்த்தாய். நோய்க்கோழியைக் கொண்டு வந்தவன் நான், என் காது போனதை மறைத்தவன் நான் என்று சொன்னேன். உன் பேரை எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று கோழி தானாக நடந்து கொட்டாய்க்குள் போயிருக்காதே, அவனே புரிந்துகொண்டான்.

அப்புறம் அவன் கத்தினான். எவ்வளவு நேரம் கத்தினான்! கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தவன். அந்த வாய் என்னென்னவோ சொல்லியது, எனக்கு ஒரு சொல் கேட்கவில்லை. கடைசியில் கையை வாசல் பக்கம் நீட்டினான். வெளியே போ என்கிறான் என்று எழுந்து வந்துவிட்டேன். நீ பின்னாலேயே ஓடி வந்து ஏதோ சொன்னாய், அதுவும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

அவன் என்ன சொன்னான் என்று எழுது. எனக்கு வலிக்கும் என்று எதையும் விட்டுவிடாதே. எதற்கு நான் தகுதியோ அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டாமா?

அண்ணன்

—

எருமப்பட்டி,
15.2.2025

அண்ணனுக்கு,

அவன் உங்களைத் திட்டவில்லை.

கையை நீட்டினானே, அது உங்களை வெளியே போகச் சொல்லி இல்லை. வாசற்படியில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் காட்டித்தான் நீட்டினான். நீங்கள் கேட்டபடி ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

"மாமா காது கேக்காத மனுசன், அவரே பஸ்ஸேறி வந்து சொல்றாரு. உனக்கு என்னம்மா கேடு? கோழி செத்தது செத்துத் தொலையட்டும், கடனை நான் எப்படியோ அடைச்சுக்கறேன். அந்த ரெண்டு பேரையும் சட்டி பானையோட ரோட்டுல நிறுத்துனேனே, இதே படியில நின்னு பாத்துட்டுத்தானே இருந்தே? அப்பவாச்சும் என் கையப் புடிச்சிருக்கலாமில்ல? என்னையப் பாவியாக்கிட்டியேம்மா."

இவ்வளவுதான் சொன்னான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில், "மாமாவுக்குச் சோறு போட்டு அனுப்பு" என்றான். அதைச் சொல்லத்தான் நான் பின்னால் ஓடி வந்தேன். நீங்கள் நிற்கவில்லை.

ஆக, உங்களுக்கு இந்த வீட்டு வாசல் திறந்தே இருக்கிறது அண்ணா. எனக்குத்தான் மூடிவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், அவன் என்னிடம் பேசி ஒரு வாரமாகிறது. தட்டை வைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என் மகன் என்னிடம் பேசிக்கொண்டிருப்பான். இப்படி நினைப்பது தப்பு என்றும் தெரிகிறது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

புதன்கிழமை ஈஸ்வர் சேந்தமங்கலம் போய் சடையனிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டானாம். சடையன் மரியாதையாக மறுத்துவிட்டான் என்று அவன் ரோட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை நானும் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ்ஸேறிப் போனேன்.

ஆராயி வீட்டுக்கு முன்னால் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் சீர் வந்ததிலிருந்து இறகு கிடந்ததுவரை எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியுமுங்கம்மா" என்றாள். "தெனமும் காத்தால நீங்க பேசின்ல தீவனம் அள்ளீட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் போறதப் பாத்திருக்கனுங்க. எங்க ஊட்டுக்காரருகிட்டகூடச் சொல்லலீங்க."

"அப்ப அன்னைக்கு ஏன் ஆராயி நீ வாயத் தொறக்கல?" என்று கேட்டேன்.

"நீங்கதான் அங்கயே நின்னுட்டு இருந்தீங்களேம்மா. நீங்களே சொல்லீருவீங்கன்னு உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தனுங்க. சாமானெல்லாம் ஏத்தி, வண்டி ரோட்டுக்கு ஏறற வரைக்கும் பாத்தனுங்க."

மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டு புடைக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை அண்ணா.

சாரதாமணி