நீராவியை மிச்சம் பிடித்த கதை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பதாக வாராவாரம் போனில் சொல்கிறாய், உன் ஆய்வுக்கூடத்தை இழுத்து மூடி உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று உன் அண்ணன் உளறிக் கொட்டிய பிறகும் நீ சொல்வதை நம்புகிற அளவுக்கு நாங்கள் நல்லவர்கள். 'வேலை தலைக்கு மேல இருக்கும்மா' என்றாயே, எந்த வேலை என்று நான் கேட்கமாட்டேன், என் வேலையைச் சொல்கிறேன், கேள்.

எங்கள் ஆலைக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார், சிக்கனச் சிங்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். முதல் கோபுரத்தில் புகை கீழிருந்து ஏறும், மேலிருந்து விழும் கரைசல் அதிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த கோபுரத்தில் நீராவியால் சூடேற்றினால் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வரும், நீ படித்ததே இதுதானே, உனக்கே பாடம் எடுக்கிறேன் பார். சிங்கம் நீராவிச் செலவைப் பார்த்து வயிறெரிந்து வால்வைப் பாதி மூடச் சொன்னார், ஆகா என்ன மிச்சம் என்று எல்லோரும் கைதட்டினோம், ஷிப்ட் பொறுப்பாளர் நான் மட்டும் சும்மா நின்றால் நன்றாகவா இருக்கும். கரைசல் பழையதை விடாமலே திரும்பி வந்தது, புதிதாகப் பிடிக்க இடமேது, புகைபோக்கி மீட்டரில் வாயு அளவு கிடுகிடுவென்று ஏறியது. சிங்கம் மீட்டரைத் திட்டி அதை மாற்றினார், புது மீட்டரும் அதே பொய்யைச் சொன்னது. பம்பை வேகப்படுத்தினார், விடாததெல்லாம் இன்னும் வேகமாகச் சுற்றியது. கடைசியில் தாமே வால்வைத் திறந்துவிட்டு, தம் யோசனையென்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், ஆளுக்குப் பாதி டம்ளர்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் ஞாபகம் வந்தது. நீயும் ஒன்றையும் வெளியே விடாமல்தானே சுற்றிக்கொண்டிருக்கிறாய், கெட்டிக்காரி. 'அவளா சொல்லட்டும், நீ கிளறாதே' என்கிறார் அப்பா, ஆனால் உன் அறையில் அடைத்திருந்த தன் தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் கூடத்துக்கு இழுத்துப்போட்டு உன் மெத்தைக்குப் புது உறை போட்டிருக்கிறார், கேட்டால் தூசி தட்டுகிறாராம்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் படுக்காதே, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. 'நல்லா இருக்கேம்மா' என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவேன். அழுதால் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத
உன் அம்மா