வலைக் கொட்டகையில் உன் சாவி

இன்று காலை அனுப்பம்பட்டு வீட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர்களுக்குக் காற்று வேகம் சொல்லும் கணினிக்குள் நுழைந்தேன். கறுப்புத் திரையின் முதல் வரியாக நீ எழுதிவைத்த வரவேற்பு வந்தது: "வந்துட்டியா? நோண்டாம பாத்துட்டுப் போ."

இம்முறை நோண்டத்தான் வந்திருந்தேன். நீ இல்லாமல் போன வீட்டிலிருந்து நேற்று உன் மகள் பேசினாள். "அங்கிள், நைனாவோட லேப்டாப்ப பஸ்ஸுல வுட்டுட்டேன். எங்க கேட்டும் கெடைக்கல." அழுதாள். குப்பத்துக் கணினிக்குள் நுழையவிடும் கோப்பான உன் சாவி அதற்குள் இருந்தது, கடவுச்சொல் இல்லாமல். போடச் சொன்னேன், நீ கேட்கவில்லை. கையில் கிடைத்தவன் அதைக் கொண்டு உள்ளே வந்து, குப்பத்து ஒலிபெருக்கியில் தப்பான காற்று வேகத்தைச் சொல்லவைக்கலாம். அதைக் கேட்டுத்தான் படகை இறக்குகிறார்கள்.

வலைக் கொட்டகையில் சிம் கார்டில் ஓடும் அந்தச் சின்னக் கணினியை வெளியிலிருந்து நேராக எட்ட முடியாது. செய்தி எழுத வந்த எனக்கு நீ விளக்கினாய்: "நம்ம கூப்ட்டா அது எடுக்காதுய்யா. அதுவே நம்ம சர்வர கூப்ட்டு லைன்லயே கெடக்கும். அந்த லைன்லயே நம்ம உள்ள பூந்துடுவோம். அவ்ளோதான் சுரங்கம்." அதை அப்படியே அச்சில் போட்டேன். பிறகு எனக்கும் ஒரு சாவி செய்து கொடுத்தாய்.

அந்தக் கணினியின் அனுமதிப் பட்டியலில் ஒரு சாவிக்கு ஒரு வரி. ஒருநாள் பழைய சாவிகளை நீக்கும்போது உன் வரியையும் என் வரியையும் சேர்த்தே அழித்துவிட்டு, திரையில் திறந்திருந்த ஜன்னலை மூடினாய். இருவரும் பஸ் ஏறிக் குப்பத்துக்கே போக வேண்டியதாயிற்று. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அக்கா விடவில்லை. "இன்னாபா, வூட்ட பூட்டிக்கினு சாவிய உள்ளியே வச்சிட்டியாமே?"

கக்கத்திலிருந்த கீபோர்டை உயர்த்திக் காட்டினாய். "ஆமாக்கா, அதான் கடப்பாறையோட வந்துக்கீறேன்!"

திரும்பும் வழியில் சொன்னாய்: "இனிமே ஒரு கதவ தெறந்து வச்சிக்கினே இன்னொரு கதவுல வந்து பாக்கணும். வர முடிஞ்சா அப்பால மூடலாம்."

இன்று அப்படியே செய்தேன். முதல் ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டு, உன் பெயரில் முடியும் அந்த ஒரே வரியை அழித்தேன். இரண்டாம் ஜன்னலில் நுழைந்து பார்த்தேன். "வந்துட்டியா?" என்றது. அதன் பிறகே முதலாவதை மூடினேன். உன் வரவேற்பைத் தொடவில்லை.

உன் மகளைக் கூப்பிட்டு, இனிப் பயமில்லை என்றேன். "அந்தக் குப்பத்து மைக்செட்ட இனிமே யாரு அங்கிள் பாத்துக்குவாங்க?" என்றாள்.

"நானும் நீயும்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவளுக்கு ஒரு சாவி செய்யப் போகிறேன். இரண்டு ஜன்னல் திறந்து வேலை செய்வதை முதலில் காட்டுவேன். கடவுச்சொல் போடாமல் அவளை எழுந்திருக்க விடமாட்டேன்.