லேப்டாப் இரைச்சலைக் குறைத்த வாரம்

3 ஆகஸ்ட் 2010, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாச்சு. அம்மாவுக்குக் கஞ்சி, இரண்டு கரண்டி. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றுவிட்டது ஆஸ்பத்திரி.

மதியம் குவைத்திலிருந்து அண்ணன், வீடியோவில். கம்பெனி லீவு தரவில்லை, பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில். பத்தே நிமிடம், லேப்டாப் சூடேறி அணைந்தது. 97 டிகிரி. தோசை சுடலாம்.

4, புதன்

ஃபேனில் தூசி எடுத்தேன், பிராசஸர் மேல் சூடு கடத்தப் பூசும் பேஸ்டை மாற்றினேன். 93. பிரயோஜனமில்லை.

பிராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால் வேகம் குறையாமல் சூடு மட்டும் குறையுமாம். நெட்டில் படித்தது. 1.25, 1.20, 1.15... ஒவ்வொரு படிக்கும் ஒரு மணிநேரம் முழு வேலை கொடுத்துச் சோதிக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் மெஷின் அப்படியே நின்றுவிடும். 1.10இல் நிறுத்தினேன். 79 டிகிரி. ஒன்பதாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் எடுக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

5, வியாழன்

அரை மணிநேரம் அணையவில்லை! ஆனால் ஃபேன் சத்தம். அம்மாவின் குரல் இப்போது மூச்சளவுதான்.

"என்னட்டி அங்க எரையுது? அம்மா பேசுதது ஒண்ணும் கேக்கல்ல" என்றான் அண்ணன்.

6, வெள்ளி

சர்ச்சிலிருந்து பங்குச்சாமி வந்து, அம்மாவின் நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அக்கா: "அண்ணன வரச் சொல்லியாச்சா?" எத்தனை பேர்தான் கேட்பார்கள். எரிச்சல்.

அண்ணனுக்கு இன்று விடுமுறை, சீக்கிரமே கூப்பிடுவான். வோல்டேஜை ஒரேயடியாக 1.00க்கு இறக்கினேன். ஃபேன் அடங்கியது. ஒரு மணிநேரம் சோதிக்கப் பொறுமையில்லை. பத்து நிமிடம் ஓடியது, போதும் என்று விட்டேன்.

அம்மாவைத் தலையணை வைத்து நிமிர்த்தினேன். "சொல்லும்மா" என்றான் அண்ணன். அதோடு படம் நின்றுவிட்டது, அவன் வாய் பாதி திறந்தபடி. எனக்கும் உடனே தெரியவில்லை.

"வருவியா மக்கா?" தெளிவாகக் கேட்டாள் அம்மா. மூன்று தடவை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கானே. எனக்க மேல கோவமாட்டி?"

மெஷின் நின்னுபோச்சும்மா என்றேன். புரியவில்லை அவளுக்கு. மறுபடி போட்டு இணைப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு பேச்சில்லை.

8, ஞாயிறு

நேற்று விடியற்காலை அம்மா போய்விட்டாள். சாயங்காலமே அடக்கம். சாரலில் குடை பிடித்துக்கொண்டு.

இன்று அண்ணன் ஃபோனில். அழுது ஓய்ந்த குரல்.

"கடைசியா அம்மா என்னமும் சொன்னாளாட்டி?"

ஒண்ணும் சொல்லல்லண்ணா என்றேன். நெட் போய்விட்டது என்றும் சொன்னேன். வோல்டேஜ் பற்றிச் சொல்லவில்லை.

"நெட்டு போறதுக்கு முந்தி கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு இருந்தா, கண்ணே கொட்டாம."

அவன் பக்கமும் படம் நின்றிருக்கிறது. ஆமாண்ணா என்றேன்.