இறங்கப் பழகாத கால்முட்டு

ஆகஸ்ட் 29, வெள்ளி. அப்பாசியா, குவைத்

இங்கே வெள்ளிதான் லீவு. சர்ச் முடிந்து ரூமுக்கு வந்ததும் மகள் ஷாஜினி போன். ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவளாகக் கூப்பிட்டது மூன்றோ நாலோ தடவைதான். நவம்பர் லீவுக்கு ஊருக்குப் போகாமல் நேரே அங்கே வர முடியுமா என்று கேட்டாள். குமானோ என்று ஒரு மலைப்பாதையாம். சாமி கும்பிடப் போகிறவர்கள் ஆயிரம் வருஷமாக நடந்த வழி. மூன்று நாள், அவளும் நானும் மட்டும்.

வரேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

அவளை மூன்று வயசில் என் தங்கச்சி மரியத்திடம் விட்டுவிட்டுத்தான் நான் நர்ஸ் வேலைக்குக் குவைத் வந்தேன். இருபத்து மூன்று வருஷம். லீவில் போனால் கல்யாண வீடு, சாவு வீடு, பாங்க், வீடு நிறைய ஆள். அவளும் நானும் தனியாக ஒரு முழு நாள் இருந்திருக்கிறோமா? ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இந்த மூன்று நாள் போனால் அப்புறம் கிடைக்காது. அவளும் இன்னொரு தடவை கேட்க மாட்டாள்.

இடது முட்டில் தேய்மானம் இருப்பதைச் சொல்லவில்லை. என்னத்துக்குச் சொல்லணும்? அவ கேன்சல் பண்ணுவதற்கா?

செப்டம்பர் 5, வெள்ளி

வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பியிருக்கிறாள். ஷூவை இப்பவே வாங்கி இரண்டு மாசம் போட்டுப் பழக்கணும். கால் நகத்தை ஒட்ட வெட்டணும். பருத்தி சாக்ஸ் ஆகாது. மழைக்கோட்டு முக்கியம், குடை போதாது. கையில் ரொக்கம் வேண்டும், மலைக் கிராமத்தில் கார்டு எடுக்காது. தங்கும் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே, அதற்குள் போய்ச் சேரணும். குப்பையை நாமே சுமக்கணும். பை ஆறு கிலோவுக்கு மேல் கூடாது. கடைசியில், மாடிப்படி ஏறிப் பழகு என்று.

ஐம்பது வயசில் எனக்கு ஒருத்தி ஹோம்ஒர்க் கொடுக்கிறாள். பிடிச்சிருக்கு.

செப்டம்பர் 8

குவைத்தில் மலைக்கு எங்கே போவது? தரை தோசைக்கல்லு மாதிரி கிடக்கிறது. வெளியே நாற்பத்து நாலு டிகிரி. ஆகையால் எங்கள் பில்டிங்கின் ஒன்பது மாடிதான் எனக்கு மலை. நடந்து ஏறி, லிஃப்டில் இறங்கி, திரும்ப நடந்து ஏறி. முட்டைக் காப்பாற்றணுமே! இன்று மூன்று தடவை.

செப்டம்பர் 23

ஏழு தடவை. வாட்ச்மேன் ஹசன் அலி கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஹிந்தியில் கேட்டான், சிஸ்டர், ஏறுவது மட்டும் நீங்கள், இறங்குவது லிஃப்ட், இது பாதி வேலைதானே என்று. பத்தொன்பது வருஷம் எலும்பு வார்டில் நிற்கிறவளுக்கு இவன் பாடம் எடுக்கிறான். உன் வேலையைப் பாரு பாய் என்றேன். சிரித்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

பன்னிரண்டு தடவை. மூச்சு வாங்கவில்லை. முட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ரொம்பப் பெருமையாக இருக்கு.

நவம்பர் 5

பெட்டி கட்டியாச்சு. பால்பவுடர் டின் இரண்டு, டாங் ஜூஸ்பவுடர், பேரீச்சை, பாதாம், தலைவலித் தைலம் ஆறு, சென்ட் மூன்று, சோப்பு. இருபத்து மூன்று கிலோ சரியாக நின்றது. அவள் சொன்னது ஆறு. அது முதுகில் சுமக்கிற பைக்குத்தானே? வெறுங்கையோடு பிள்ளையைப் பார்க்கப் போவது எப்படி?

நவம்பர் 8. தனாபே, ஜப்பான்

பெட்டியைத் திறந்ததும் ஷாஜினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஜப்பானில் பால் கிடைக்காதா மம்மி என்று கேட்டாள். கோபமா சிரிப்பா தெரியவில்லை. அப்புறம் தங்கும் வீட்டுக்காரம்மாவிடம் பேசி ஏற்பாடு பண்ணினாள். பெட்டி வேனில் அடுத்தடுத்த வீட்டுக்குப் போய்விடும், நாங்கள் சின்னப் பையோடு நடந்தால் போதும். இப்படி ஒரு வசதி உண்டென்று முன்னாலேயே தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு டின் வைத்திருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு. தகஹாரா

பஸ்ஸில் தகிஜிரி, பாதை தொடங்குகிற இடம். இறங்கிய இடத்திலிருந்தே செங்குத்து. மரத்தின் வேர்தான் படி. மழை பெய்திருந்ததால் வேர் வழுக்கும், கல்லில் கால் வை, வேரில் வைக்காதே என்றாள். நான் விறுவிறுவென்று ஏறினேன். அவள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்! மம்மி மெதுவா போ என்று சொன்னாள். என் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது.

வழியில் சின்னச் சின்னக் கோயில்கள். பக்கத்தில் மரப்பெட்டிக்குள் ரப்பர் ஸ்டாம்பும் மையும் இருக்கின்றன. காவலுக்கு ஆள் கிடையாது. நடக்கிறவர்களுக்கென்று கொடுத்த சின்னப் புத்தகத்தில் நாமே குத்திக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் குத்தும்போதெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்லியே பழகியவளுக்கு இது பெரிய சந்தோஷம். நான் கும்பிட வரவில்லை, நடக்க வந்தேன். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் நின்று இயேசுவிடம் முட்டுக்காக ஒரு வார்த்தை சொன்னேன்.

பேச்சு? வழி, சாப்பாடு, மழை. அவ்வளவுதான். இன்னும் இரண்டு நாள் இருக்கு.

நவம்பர் 10. சிகத்சுயு

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பாதி வழிக்கு மேல் இறக்கம். இறங்க இறங்க முட்டுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி. ஒன்பது மாடி, பன்னிரண்டு தடவை, ஒரு தடவையாவது இறங்கினேனா? அந்த ஹசன் அலி சொன்னானே! கம்பை ஊன்றிப் பார்த்தேன். பாட்டுப் பாடிப் பார்த்தேன். கடைசி இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. பேண்டைச் சுருட்டினால் முட்டு இரண்டு மடங்கு.

ஷாஜினி பார்த்தாள். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். மூன்று வருஷம் என்றேன்.

"போன்ல கேக்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொன்னியே."

"வேறென்ன சொல்லுவேன் மக்களே?" என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளையிடம் வேறென்ன சொல்ல முடியும்?

அவள் எனக்கு முன்னால் ஒரு படி கீழே போய், முதுகைக் காட்டி நின்று, தோளில் கை வை என்றாள்.

"வலிக்கிற காலை முதல்ல இறக்கு. நல்ல கால் பிறகு."

வார்டில் ஆயிரம் பேருக்கு நான் சொன்ன வார்த்தை அது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். திரும்பாமலே சொன்னாள். நாகர்கோவிலில் காலேஜ் படிக்கும்போது ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டில் ஆபரேஷன். நாற்பது நாள் கம்பு ஊன்றி நடந்தாளாம். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது. சித்தி மரியம்தான் கூட இருந்தாள். நீ டூட்டியில் பயந்துவிடுவாய் என்றுதான் உன்னிடம் சொல்லவில்லை என்றாள்.

நாற்பது நாள். எனக்கு அந்த நாற்பது நாளும் ஞாபகம் இருக்கு. நெட்ஒர்க் ஸ்லோ மம்மி, வீடியோ வராது, ஆனா நல்லா இருக்கேன் என்பாள். நானும் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டு போனை வைப்பேன்.

எனக்க பிள்ளை கம்பு ஊன்றி நடந்திருக்கா. நான் குவைத்ல யாரு யாருக்கோ கம்பு பிடிச்சுக் குடுத்திட்டு இருந்திருக்கேன். அழுதேன். தோளைப் பிடித்துக்கொண்டே அழுதேன், இறங்கினேன். அவளும் அழுதிருப்பாள், தோள் குலுங்கியது. இருட்டும் முன் ஊருக்குள் வந்துவிட்டோம்.

நவம்பர் 11. ஹொங்கு

இன்றைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது திட்டம். முடியாது. வந்தது பாழ் என்று காலையில் முட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு புலம்பினேன். ஷாஜினி பஸ் நேரம் பார்த்தாள். வயசானவர்கள், கால் சரியில்லாதவர்கள் பஸ்ஸில் மேலே போய்க் கடைசி ஏழு கிலோமீட்டர் மட்டும் நடப்பார்களாம். யாரும் குறைவாக நினைப்பதில்லை. கர்வம் பிடித்த எனக்கு இதை ஒத்துக்கொள்ள ஒரு டீ தேவைப்பட்டது.

அந்த ஏழு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆனது. வழியெல்லாம் பேசினாள். சித்தி அடித்தது, வயசுக்கு வந்த அன்றைக்குப் பயந்தது, ஒசாகாவில் முதல் குளிர்காலத்தில் திரும்பிவிட டிக்கெட் போட்டுக் கேன்சல் பண்ணியது. நானும் சொன்னேன். அவளுக்கு நாலு வயசு பிறந்தநாளுக்கு நர்ஸ் ஹாஸ்டல் பாத்ரூமில் ஷவரைத் திறந்துவிட்டு நான் அழுததை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

பாதை பெரிய கோயிலுக்குப் பின்பக்கமாக வந்து சேருகிறது. ஆகவே கடைசியில் ஏற்றம் கிடையாது, நூற்றைம்பதுக்கு மேல் படி, எல்லாம் இறக்கம். வலிக்கிற கால், நல்ல கால். வலிக்கிற கால், நல்ல கால். ஒவ்வொன்றாக இறங்கி முடித்தோம்.

நவம்பர் 21, வெள்ளி. அப்பாசியா

லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒன்பதாவது மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்து நடந்து இறங்கினேன். நாலாவது மாடியில் ஷாஜினி போன். எப்படி இருக்கே மம்மி என்றாள்.

நல்லா... வரை வந்துவிட்டது நாக்கில். படியில் உட்கார்ந்தேன். முட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கு, ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்லுகிறார், பயமாக இருக்கு என்று சொன்னேன்.

 அப்புறம் சொன்னாள், நேற்றிலிருந்து காய்ச்சல், இன்றைக்கு ஆபீஸ் போகவில்லை என்று.

"எத்தனை டிகிரி?"

"முப்பத்தெட்டரை."

இருபத்து மூன்று வருஷத்தில் அவளுக்குக் காய்ச்சல் அடிக்கும்போதே எனக்குத் தெரிவது இதுதான் முதல் தடவை. கஞ்சி எப்படி வைப்பது என்று கேட்டாள். அரிசி அளவு, தண்ணீர் அளவு எல்லாம் சொல்லிக்கொண்டே மீதி நாலு மாடியும் இறங்கினேன்.