பச்சை எரிந்தும் வராத லேபிள்

நவம்பர் 19, 2012 – திங்கள்

இன்றும் மின்வெட்டு. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் சர்வர் விழுந்துவிட்டது. ஐ.டி. அறையில் இருப்பது நானும் முனிரத்தினம் சாரும் மட்டும்தான். விழுந்ததை எழுப்புவது நான். ஏன் விழுந்தது என்று கூட்டத்தில் அழகாக விளக்குவது மேனேஜரான அவர். பி.இ. படித்துவிட்டு ஒரகடத்தில் இதுதான் என் பிழைப்பு. இதிலும் பயிற்சிக் காலம் முடிந்து இன்னும் கன்பர்ம் ஆகவில்லை.

மதியம் மூன்றாம் டேபிள் இசக்கிசெல்வி நேராக அறைக்குள் வந்து நின்றாள். லைன் ஆட்கள் இங்கே வரக்கூடாது என்றேன்.

"வரக்கூடாதுன்னு எனக்கும் தெரியும் சார். ஒங்க பொட்டி பொய் சொல்லுதா, நான் பொய் சொல்லுதேனா? அத மட்டும் சொல்லுங்க, போயிருதேன்."

நாங்கள் செய்வது காருக்குள் ஓடுகிற ஒயர்க்கட்டு. கட்டியவர் தன் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு அதை டெஸ்டரில் மாட்டினால் சரியானதற்குப் பச்சை, தப்பானதற்குச் சிவப்பு. அந்த முடிவை வாங்கி லேபிள் அடிப்பது என் சர்வரில் ஓடும் சி மொழியில் எழுதிய ஒரு சின்ன புரோகிராம். லேபிள் வந்தால்தான் கட்டு லாரி ஏறும். இவளுக்குப் பச்சை எரிகிறதாம், லேபிள் வருவதில்லையாம். சூப்பர்வைசரிடம் சொன்னால், "விளக்கு பல்பு மக்கர் பண்ணும், லேபிள் பண்ணாது. லேபிளைப் பாரு" என்கிறாராம். லேபிள் வராத கட்டெல்லாம் அவள் கணக்கில் ரிஜெக்ட்.

கனெக்டரை ஒழுங்காக அழுத்தினீர்களா என்று கேட்டேன்.

"கிளிக்குனு சத்தம் கேக்காம நான் கைய எடுத்ததில்ல. இங்க உக்காந்து கேள்வி கேக்கதுக்கு, அங்க வந்து நின்னு பாருங்க."

ரொம்ப வாய். ஆனால் போய் நின்று பார்த்தேன். பச்சை எரிந்தது. லேபிள் வரவில்லை.

நவம்பர் 21 – புதன்

அவள் ரிஜெக்ட் அத்தனையும் ஏற்றுமதி ரகம். உள்ளூர் ரகத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டிலும் அதே கனெக்டர், அதே கை. ஏற்றுமதி என்றால் மட்டும் கை நடுங்குமா என்ன?

பழுது பார்க்கும் பிரிவில் பிரித்துப் பார்க்கிறார்கள். உள்ளே தப்பு எதுவும் இல்லை. அவர்களுடைய அட்டையைத் தேய்த்து மறுபடி சோதித்தால் லேபிள் உடனே வந்து விழுகிறது. "சரி பண்ணியாச்சு" என்று எழுதிவிடுகிறார்கள். எதைச் சரி பண்ணினார்கள்?

முனிரத்தினம் சாரிடம் சொன்னேன். "கரண்ட்டுப்பா. ஓல்ட்டேஜ் ஏறி எறங்குதுல்ல." ஓல்ட்டேஜுக்கு ஏற்றுமதி எது, உள்ளூர் எது என்று தெரியுமாமா?

நவம்பர் 23 – வெள்ளி

இசக்கிசெல்வியை லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். கான்ட்ராக்ட் கம்பெனி ஏஜென்ட் தணிகாசலம் கேட்டுக்கு வெளியிலேயே வைத்து அட்டையைக் கழற்றி வாங்கினான். சர்வர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் கத்தியது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

இறங்கிப் போய்க் கேட்டேன்.

"ரிஜெக்ட் கேஸ் சார் அது. நான் இன்னா பண்றது? கம்பெனி வேணாங்குது. இருங்காட்டுக்கோட்ட, மறைமலை நகர், எங்க இட்டுக்கினு போனாலும் மொதல்ல இதான் கேப்பாங்கோ. ஆஸ்டலையும் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறப் பிடிக்காமல் வைப்பூர் வரைக்கும் நடந்தேன். அவள் மேல் இருக்கிற கறை என் சர்வரிலிருந்து வந்ததா, அவள் கையிலிருந்து வந்ததா? இது தெரியாமல் விடமாட்டேன்.

இதே வாரம் நோட்டீஸ் போர்டில் ஐந்தாம் டேபிள் மணிகண்டபிரபுவின் போட்டோ. ரிஜெக்டே இல்லாத ஊழியராம்.

நவம்பர் 24 – சனி

புரோகிராமைத் திறந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் முனிரத்தினம் சார் எழுதியது. விளக்கம் ஒரு வரி கிடையாது. எழுத்துகளைப் போட்டு வைக்கிற இடமான பஃபர் எங்கேயாவது வழிகிறதா என்று மெமரி சோதிக்கும் கருவியை ஓட விட்டேன். தவறு எதுவும் இல்லை என்றது. மறுபடி விட்டேன். இல்லை. ஒரு முழு நாள் போச்சு. போய்த் தொலையட்டும், நானும் இடத்தை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

நவம்பர் 26 – திங்கள்

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது!

கான்ட்ராக்ட் கம்பெனி பெயர், ரகத்தின் குறி, ஆள் பெயர் – மூன்றையும் ஒரே தொடராக ஒட்டி ஒரு பஃபருக்குள் காப்பி செய்கிறது. இடம் போதுமா என்று பார்ப்பதே இல்லை. பஃபரில் நாற்பத்தெட்டு ஆங்கில எழுத்துக்குத்தான் இடம். அதைத் தொட்டுக்கொண்டு அடுத்த இடத்தில் டெஸ்டர் முடிவு. அங்கே பூஜ்யம் இருந்தால் ஃபெயில், வேறு எது இருந்தாலும் பாஸ்.

சி மொழியில் ஒவ்வொரு தொடரின் முடிவிலும் ஒரு பூஜ்யம் உட்காரும். இசக்கிசெல்வி பெயரோடு ஏற்றுமதிக் குறியைச் சேர்த்தால் தொடர் சரியாக நாற்பத்தெட்டு. முடிவில் வரும் பூஜ்யத்துக்கு உள்ளே இடம் இல்லை. அது பக்கத்தில் போய் டெஸ்டர் முடிவின் தலைமேல் உட்காருகிறது. பச்சையாவது சிவப்பாவது, ஃபெயில். உள்ளூர்க் குறி சின்னது, அதனால் தப்பித்தது. பழுது பார்ப்பவர்களின் தொடரும் நீளம் குறைவு.

கருவி ஏன் பிடிக்கவில்லை? பஃபரும் முடிவும் ஒரே கட்டமைப்புக்குள் இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தண்ணீர் வழிந்தால், தெருவில் நிற்கிற காவல்காரனுக்கு எப்படித் தெரியும்?

முன்னே இருந்த கான்ட்ராக்ட் கம்பெனிக்குச் சின்னப் பெயர். அக்டோபரில் ஸ்ரீ அங்காளபரமேஸ்வரி மேன்பவர் வந்தது. வழிய ஆரம்பித்தது அன்றுதான்.

அப்புறம் இன்னொன்று உறைத்தது. மணிகண்டபிரபு. ஆங்கிலத்தில் அவன் பெயர் இவளுடையதைவிட நாலு எழுத்து நீளம். அவனுக்கு முடிவின் மேல் விழுவது பூஜ்யம் இல்லை, ஓர் எழுத்து. எழுத்து விழுந்தால் பாஸ். எந்த ரகமானாலும் பாஸ். ஒயரே இல்லாமல் வெறும் டேப்பை மாட்டினாலும் பாஸ்.

அந்தக் கட்டெல்லாம் இப்போது யார் யார் காரில் இருக்கிறது?

நவம்பர் 27 – செவ்வாய்

முனிரத்தினம் சாருக்குக் காட்டினேன். வரியை ஒருமுறைதான் படித்தார். உடனே புரிந்துகொண்டார். கதவைச் சாத்தினார்.

"சரி, சொன்ன. நல்லது. பேர வெட்டிப் போட்டுடு. எடத்துக்கு மேல போறத கட் பண்ணு. வேல முடிஞ்சிதா?"

"முடியல சார். அந்தப் பொண்ணு?"

"அது கான்ட்ராக்ட்டுப்பா. அதுங்க வரும், போவும். பழசக் கெளறினா கஸ்டமருக்குப் பதில் சொல்லணும். ஒன் கன்பர்மேஷன் பேப்பர் என் மேஜ மேலதான் கீது, தெரியும்ல?"

தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம். தொடரில் முதலில் சாமி பெயரில் ஒரு கம்பெனி, கடைசியில்தான் ஆள். வெட்டினால் ஆள் பெயர்தான் போகும். லேபிளில் மிஞ்சுவது அங்காளபரமேஸ்வரி. ஒயர் கட்டியது அம்மனா?

"வெட்டமாட்டேன் சார். நீளம் பாத்துட்டு காப்பி பண்ணுவேன். எடம் பத்தலன்னா புரோகிராம் நின்னு கத்தும். பழைய கணக்கையும் திருத்தணும்."

"இன்னாத்துக்குடா இவ்ளோ திமிரு?" என்றார். அவர் என்னை டா போட்டது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 28 – புதன்

அப்பா சொன்னது: "கன்பர்ம் ஆயிட்டு அப்பறமா சண்ட போடக்கூடாதா நைனா? சண்ட எங்க ஓடிப் போவுது?"

நவம்பர் 29 – வியாழன்

மணிகண்டபிரபுவைக் கேன்டீனில் பிடித்து, பெயர் நீளத்தால் வரும் கோளாறைச் சொல்லிக் கேட்டேன். சிவப்பு எரிந்தபோது லேபிள் வந்ததா?

"வந்துச்சு. லேபிளத்தான பாக்கச் சொன்னாங்க? பாத்தேன், ஒட்டுனேன், அனுப்புனேன்." சாப்பாட்டைத் தள்ளி வைத்தான். "இப்ப என்ன, என்னைய மாட்டிவிடப் போறீகளா? எம் பேரு நீளமா இருக்கது எங்கப்பன் செஞ்ச தப்பா சார்?"

மாட்டிவிட மாட்டேன் என்றேன். நம்பவில்லை. நம்ப அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது? நான் மட்டும் என்ன, டை கட்டினவன்தானே.

ஆனால் போகும்போது, "என் அட்டை வேணும்னா வாங்கிக்கங்க. கார்ல எங்க மாமா மக்களும்தான் போவாக" என்றான்.

டிசம்பர் 3 – திங்கள்

காலைக் கூட்டம் லைன் பக்கத்தில் நின்றபடியே நடக்கும். பிளான்ட் ஹெட், முனிரத்தினம் சார், எச்.ஆர். சந்திரலேகா மேடம், சூப்பர்வைசர்கள். கடைசியில் வேறு ஏதாவது உண்டா என்று கேட்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். நான் பேசினேன்.

"அஞ்சு நிமிஷம் சார். டெஸ்டர் பக்கம் வாங்க."

"தம்பி, அப்பறம்" என்றார் முனிரத்தினம் சார். நான் நடந்துவிட்டேன். பிளான்ட் ஹெட்டும் நடந்து வந்தார், வேடிக்கை பார்க்கிற முகத்தோடு.

நல்ல கட்டு ஒன்றை மாட்டி, இசக்கிசெல்வியின் பழைய எண்ணைத் தட்டி ஏற்றுமதி ரகம் போட்டேன். பச்சை. லேபிள் இல்லை. "பல்பு..." என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார். அதே கட்டிலிருந்து அவர் கண் முன்னாலேயே ஒரு ஒயரைப் பிடுங்கினேன். மணிகண்டபிரபுவின் அட்டையைத் தேய்த்தேன். சிவப்பு எரிந்தது. பிரிண்டர் கிர்ரென்று லேபிளைத் துப்பியது.

பிளான்ட் ஹெட் லேபிளைக் கிழித்து எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது மாதிரி எவ்வளவு வெளிய போயிருக்கு?"

"தெரியாது சார். டெஸ்டர்ல பழைய முடிவெல்லாம் இருக்கு. ஒப்பிட்டுப் பாத்தா தெரியும். அதுக்கு முன்னாடி லாரிய நிறுத்துங்க."

"யாரு இதுக்குப் பொறுப்பு? அந்த ஆபரேட்டரக் கூப்பிடுங்க."

"அவனத் தொடாதீங்க சார். லேபிளப் பாருன்னு சொன்னது நாம. தப்பு எங்க அறையில இருக்கு."

கூட்டம் கலைந்த பிறகு முனிரத்தினம் சார் பிரிண்டர் பக்கத்திலேயே நின்றார். "நான் இத எழுதுனப்ப இங்க கான்ட்ராக்டே கெடையாதுப்பா. அல்லாரும் கம்பெனி ஆளுங்க. பேர் மட்டும்தான். நாப்பத்தெட்டே ஜாஸ்தின்னு நெனச்சேன்" என்றார்.

டிசம்பர் 6 – வியாழன்

குடோனில் நின்ற பெட்டிகளைப் பிரித்துச் சோதிக்கிறார்கள். கஸ்டமர் பக்கமும் ஆள் போயிருக்கிறது. டெஸ்டர் கணக்குப்படி இசக்கிசெல்வியின் ரிஜெக்டில் பெரும்பாலானவை பொய். மணிகண்டபிரபுவின் போட்டோ போர்டில் இல்லை. ஆள் டேபிளில் இருக்கிறான்.

என் புது வரிகள் ஓட ஆரம்பித்தன. பஃபரைப் பெரிதாக்கிவிட்டேன். அதிலும் நீளம் மிஞ்சினால் நின்று கத்துகிறது. முடிவைப் பெயருக்குப் பக்கத்திலேயே வைக்கவில்லை, தள்ளி வைத்துவிட்டேன்.

என் பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். காரணம்: நடத்தை. நீட்டட்டும். இன்னும் ஆறு மாதம் இதே நடத்தைதான்.

டிசம்பர் 12 – புதன்

அவளைத் திரும்ப எடுக்கலாம் என்று முடிவாம். சந்திரலேகா மேடம் என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போன் போட்டார். சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஊர், பின்னால் பஸ் ஹாரன்.

"புதுசா ஜாயின் பண்ற மாதிரி போட்டுக்கலாம்மா. ஈஸியா முடிஞ்சிடும்."

"புதுசாவா? அப்ப பழைய ரிஜெக்டு யார் பேர்ல இருக்கும்?"

"அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கம்மா."

"பாத்துதான மேடம் வெரட்டுனீங்க?" ஹாரனுக்கு மேல் குரலை உயர்த்தினாள். "பழைய நம்பர், பழைய டேபிளு. கணக்கத் திருத்திட்டுக் கூப்பிடுங்க. வாரேன். இல்லன்னா இங்க தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டிக்கிட்டுக் கெடக்கேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சர்வர் அறையைக் கை காட்டினேன். "இப்பவே திருத்திடறேன் மேடம். நீங்க சரின்னு சொல்றதுதான் பாக்கி."

டிசம்பர் 14 – வெள்ளி

மேடம் சரி என்றார்.

ஜனவரி 7, 2013 – திங்கள்

காலை ஷிப்டில் மூன்றாம் டேபிளில் இசக்கிசெல்வி. ஏற்றுமதி ரகம். எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பிரிண்டர் ரிப்பனைப் பார்க்கிற சாக்கில் போய் நின்றேன். பச்சைக்கெல்லாம் லேபிள் வந்தது.

டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிவப்பு. லேபிள் வரவில்லை. மறுபடியும் என் புரோகிராமோ? கம்ப்யூட்டர் திரைக்கு ஓடப் போனேன்.

"நில்லுங்க சார்." அவள் கட்டைக் கழற்றி ஒரு கனெக்டரை விரலால் நெருடிப் பார்த்தாள். ஒயர் முனை பாதிதான் உள்ளே போயிருந்தது. பக்கத்து டேபிள்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அதை மறைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"இது நான் செஞ்சது. என் கணக்குல எழுதுங்க."

எழுதினேன்.