கால் முன்னே பிறந்தவள்

கண்ணு,

போனில் சொன்னால் கட்டிலில் கிடக்கும் அப்பாவுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

கால் முன்னே பிறந்தவள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று ஊரே என்னிடம்தான் வரும். லாரியிலிருந்து விழுந்த அன்றும் அப்பா, "ஒரு மிதி மிதி, செரியாப் போயிரும்" என்று குப்புறப் படுத்தார். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட்டிருக்கலாம். மிதித்தேன். உள்ளே ஏதோ நெரிந்தது.

விழுந்ததில்தான் முதுகெலும்பு முறிந்தது என்று டாக்டரிடம் அவரே சொன்னார். இரண்டு வருடமாகியும் அந்தச் சத்தம் என் குதிகாலை விட்டுப் போகவில்லை.

உன் மகளும் கால் முன்னேதான் பிறந்தாள் என்று கேட்டதிலிருந்து, "பேத்தி வந்து மிதிச்சா எந்திரிச்சிருவேனுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

நர்ஸ் தப்பாகச் சொல்லிவிட்டார், தலைதான் முன்னே வந்தது என்று அப்பாவிடம் சொல்லிவிடு, சாமி.

உன் அம்மா